ஊற்றுக்குழியின் முள்

கோடையில் காட்டாறு வற்றிவிட்டது. மணலுக்கு நடுவே ஒரே ஓர் ஊற்றுக்குழியில் மட்டும் தண்ணீர் இருந்தது. அதைத் தோண்டியது ஒரு முள்ளம்பன்றி. அதற்கு இரண்டு குட்டிகள். மலைக்கு அப்பால் ஏரி இருந்தது. அதுவரை நடக்கக் குட்டிகளின் கால்கள் இன்னும் தேறவில்லை.

குழியின் அடியில் மெல்லிய களிமண் படிவு. தண்ணீரைத் தாங்கி நின்றது அதுதான். அதனால் குழியின் வாயில் எப்போதும் ஒரு வேலமுள் கிளை கிடக்கும். முள் கிடந்தால் குடிக்கலாம், தோண்டக் கூடாது. நாக்கு போகும், கால் போகாது. முள் இல்லையென்றால் அது கைவிட்ட குழி, யாரும் கிளறலாம். ஆற்றில் இறங்கும் விலங்குகள் முதலில் முள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வாயை வைக்கும்.

ஆனால் மணல் ஓயாமல் சரிந்தது. மான் வந்து தண்ணீர் எட்டவில்லை என்னும். முள்ளம்பன்றி வளையிலிருந்து வெளியே வந்து, கிளையை இழுத்துப் போட்டு, மணலை அள்ளி, கிளையைத் திரும்ப வைக்கும். போய்ப் படுத்ததும் கௌதாரி வந்து கூப்பிடும். மறுபடி எடுக்க வேண்டும், மறுபடி வைக்க வேண்டும்.

“உடம்பு முழுக்க முள், கையிலும் முள். உனக்கு அலுக்கவே இல்லையா அக்கா?” என்றது மரத்திலிருந்த மந்தி.

அலுத்துத்தான் போயிருந்தது. அன்று வெயில் ஏறும் நேரத்தில் மணலை அள்ளி முடித்தபோது அதற்கு இடுப்பு நிமிரவில்லை. எப்படியும் இன்னொன்று வந்து கூப்பிடத்தான் போகிறது, இப்போது வைத்து எதற்கு என்று நினைத்தது. கிளையைக் கரையிலேயே விட்டுவிட்டு வளைக்குள் போய்க் குட்டிகளோடு சுருண்டது.

அடுத்து வந்தது காட்டுப்பன்றி. குழியைப் பார்த்தது. முள் இல்லை. நம்பாமல் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. கிளை தூரமாகக் கரையில் கிடந்தது. கைவிட்டுவிட்டார்கள் போலிருக்கிறது என்று முடிவு செய்து, ஈர மணலில் இருந்த கோரைக்கிழங்குக்காக மூக்கை ஆழமாக விட்டது. களிமண் பிளந்தது. தண்ணீர் அடிமணலுக்குள் இறங்கிப் போய்விட்டது.

முள்ளம்பன்றி எழுந்து வந்தபோது மற்ற விலங்குகள் பன்றியைச் சூழ்ந்து நின்றன. ஆற்றை விட்டே துரத்த வேண்டும் என்று மந்தி குதித்தது. மானும் கொம்பைத் தாழ்த்தியது.

“முள் கிடக்கும்போது நான் என்றைக்காவது தொட்டிருக்கிறேனா?” என்றது பன்றி.

முள்ளம்பன்றி பேசாமல் இருந்தால் பழி பன்றியோடு போய்விடும். அது கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தது.

“அவன் பார்த்துவிட்டுத்தான் தோண்டியிருக்கிறான்” என்றது. “முள்ளை எடுத்தவள் நான். திரும்ப வைக்கவில்லை.”

“அசதியா?” என்றது பன்றி.

“ஆமாம்.”

பன்றி கூட்டத்திலிருந்து வெளியே வந்தது. ஆற்றின் வளைவில் ஆழத்தில் ஈரம் இருக்கும், ஒண்டியாகத் தோண்டினால் ஆகாது என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தது. முள்ளம்பன்றியும் பின்னால் போனது. பொழுது சாயும்வரை இரண்டும் தோண்டின. களிமண் தட்டுப்பட்டதும் நிறுத்திக்கொண்டன. கலங்கலாக ஒரு கை அளவு நீர் ஊறியது. குட்டிகள் அதை நக்கிக் குடித்தன.

முள்ளம்பன்றி புதுக்கிளை ஒன்றை இழுத்து வந்து குழியின் வாயில் வைத்தது. உட்காரக்கூட இல்லை, கௌதாரி வந்துவிட்டது. மணல் சரிந்திருக்கிறதாம். முள்ளம்பன்றி கிளையை எடுத்தது, அள்ளியது, வைத்தது. பிறகுதான் படுத்தது.

காவலை ஒரு வேலைக்காக விலக்கியவர், எவ்வளவு களைத்திருந்தாலும், அதைத் திரும்ப வைத்த பிறகே அந்த வேலை முடிந்ததாகக் கொள்ள வேண்டும்.