தலை ஒட்ட இடம் கேட்ட கொட்டலசு

கடலுக்கும் பனங்காட்டுக்கும் நடுவுல ஒரு ஊரு இருந்துதாம். அந்த ஊர்ல இன்னாசியம்மா, இன்னாசியம்மான்னு ஒருத்தி இருந்தாளாம். அவளுக்கு ஒரு ஓரகத்தி, புருசனோட தம்பி பொண்டாட்டி, பேரு பிலோமி. ரெண்டு பேருக்கும் பொழப்பு என்னன்னா, கடலுக்குள்ள நிக்கிற பாறையில ஒட்டியிருக்கிற சிப்பிய உளியால பேத்து விக்கிறது.

மாமனாரு சாகுறதுக்கு முன்னாடி பாறையப் பங்கு வச்சாரு. அந்த ஊரு வழக்கம், பங்குல மூத்தவ கைதான் மொதக் கை. இன்னாசியம்மா என்ன செஞ்சா? "எனக்குக் கரைப்பாறை"ன்னுட்டா. முழங்கால் தண்ணியில நின்னே பேக்கலாம்ல! தூரத்துல அலை அடிக்கிற பாறை பிலோமிக்குப் போச்சு. ஆனா சிப்பிக்கு, பிள்ளைகளா, அலை அடிக்கிற எடந்தான் தாய்மடி. பிலோமியோட ஓலைப்பெட்டி, அந்தக் கடவத்துல கையகலச் சிப்பி, இவ கடவத்துல பட்டாணி கணக்கா. தானா கேட்டு வாங்குன பங்கு, யாருகிட்ட போயி அழுவா? பிலோமி கடவத்தப் பாத்தா வயிறு எரியும், பிலோமி கம்மலப் பாத்தா வயிறு எரியும், பிலோமி சும்மா சிரிச்சாலே பத்திக்கிட்டு எரியும். சோறே எறங்கல அவளுக்கு.

அப்ப ஒரு நாளு, சீமையிலேருந்து வந்த கப்பலு ஒண்ணு கரைதட்டிச் சாஞ்சு நின்னுது. அதோட அடிவயிறு பூரா வெள்ள வெள்ளையா, சின்னச் சின்ன மலை மாதிரி ஓடு. அதான் கொட்டலசு. தலையக் கீழ ஒட்டிக்கிட்டுக் காலால தீனிய அள்ளித் திங்குற சென்மம். சிரிக்காதீங்க, நெசமாத்தான்! கப்பலடியில, வள்ளத்தடியில சுரண்டுறதத் தண்ணியில போடக்கூடாது, மேட்டு மணல்ல வெயில்ல போட்டுச் சாகடிக்கணும்னு அந்த ஊருல பச்சப்பிள்ளைக்கும் தெரியும்.

இன்னாசியம்மா கப்பலுகிட்ட போனா. உடனே ஒரு கொட்டலசு வாயத் தெறந்து, "அக்கா, அக்கா, தலைய ஒட்ட ஒரு எடம் தாங்கக்கா"ன்னுச்சு.

"எடம் தந்தா என்ன செய்வ?"

"நான் ஒட்டுன எடத்துல வேற ஒண்ணு ஒட்டாதுக்கா."

"சிப்பி?"

"சிப்பி என்ன, சிப்பியோட பாட்டன் வந்தாலும் ஒட்டாது."

அவளுக்கு நெஞ்சுக்குள்ள பால் வாத்த மாதிரி இருந்துச்சு. ஒரு கடவம் கொட்டலசச் சுரண்டி, ஈரத்துணி போட்டு மூடி, ஆளில்லாத நேரம் பாத்து நீந்திப்போயி பிலோமி பாறையில கொட்டிட்டு வந்துட்டா. "என் பாறைப் பக்கம் வந்துராத"ன்னு ஒரு வார்த்த சொன்னாளா? சொல்லல. அவளுக்குப் பிலோமி பாறையத் தவிர வேற எதுவும் கண்ணுலயே படல.

மழைக்காலம் கழிஞ்சு பாத்தா, பிலோமி பாறை சுண்ணாம்பு அடிச்ச செவரு மாதிரி வெள்ள! ஒரு சிப்பி இல்ல. பிலோமி தலையில கைய வச்சு உக்காந்துட்டா. இவ போயி, "விடுட்டீ, உன் நேரம் அப்படி"ன்னு முதுகத் தடவிக் குடுத்துட்டு, வீட்டுக்கு வந்து ரெண்டு தட்டு சோறு தின்னா.

ஆனா கொட்டலசு குஞ்சு பொரிச்சு, குஞ்செல்லாம் தண்ணியோட போயிருச்சே! கொஞ்ச நாளுல கரைப்பாறையிலேருந்து சத்தம்: "அக்கா, அக்கா, தலைய ஒட்ட ஒரு எடம்!" பட்டாணிச் சிப்பியும் போச்சு. அப்புறம் புருசன் வள்ளத்தடியிலேருந்து, "அக்கா, அக்கா, தலைய ஒட்ட ஒரு எடம்!" வள்ளம் பாரம் தாங்காம ஆம மாதிரி ஊருது. அப்புறம் ஊர்ல இருக்குற அத்தன வள்ளத்துலயும், அடுத்த ஊரு, அதுக்கும் அடுத்த ஊரு வரைக்கும் வெள்ள வெள்ளையா ஏறிக்கிச்சு. தண்ணியில கால வச்சா ஓடு கிழிச்சு ரத்தம்தான்.

ஊரே கூடி வள்ளத்த எல்லாம் மேட்டு மணலுக்கு இழுத்துக் கவுத்திப்போட்டுது. என்ன ஏதுன்னு பாக்க இன்னாசியம்மாவும் வந்தா. அவ தல தெரிஞ்சதுதான் தாமசம், அத்தன வள்ளத்தடியிலயும் வாயத் தெறந்துக்கிட்டு, "அக்கா வந்துட்டா! எடம் குடுத்த அக்கா வந்துட்டா! பிலோமி பாறையில எங்களக் குடிவச்ச இன்னாசியம்மாக்கா வந்துட்டா!"ன்னு கத்துச்சு பாருங்க! ஊரே திரும்பிப் பாத்துது. அவளுக்குப் பூமி பொளக்காதான்னு இருந்துச்சு.

ஊர்ப்பெரியவரு பிலோமியப் பாத்து, "என்ன தண்டன போடட்டும் தாயி? நீ சொல்லு"ன்னாரு.

பிலோமி கண்ணத் தொடச்சுக்கிட்டுச் சொன்னா: "நான் என்னத்தச் சொல்ல மாமா? நம்ம ஊர்ல மூத்தவ கைதான் மொதக் கை. சுரண்டுற உளிய அக்கா கையிலயே மொதல்ல குடுங்க. அக்கா கைவச்ச பொறவு நாங்க வைக்கிறோம்."

அன்னையிலேருந்து தண்ணி வத்துற போதெல்லாம் மொத ஆளா எறங்குறது இன்னாசியம்மாதான். கையெல்லாம் கீறல், காலெல்லாம் கீறல். சுரண்டிச் சுரண்டி ஒரு நாளு, பாறையில மறுபடியும் சிப்பிக் குஞ்சு ஒட்டியிருந்துச்சு. எந்தப் பாறையில? அலை அடிக்கிற பாறையில. பிலோமி பாறையில!

அதப் பாத்ததும் இன்னாசியம்மாவுக்கு என்ன செஞ்சுச்சு தெரியுமா? வயிறு எரிஞ்சுது. ஆமா, அப்பவும் எரிஞ்சுது! பாறையில ஒட்டுனத உளி வச்சுச் சுரண்டலாம், வயித்துல ஒட்டுனத எத வச்சுச் சுரண்ட? அதுக்குத்தான் சொல்லுறது, மொதல்ல எடமே குடுக்கப்படாது.

கடலும் வத்திருச்சு, கதையும் வத்திருச்சு. காலக் கழுவிட்டுப் படுங்க.