சம்பந்தி குடித்த எட்டுக் காபி

கொக்குமேட்டில் மூன்று அண்ணன் தம்பிகள் இருந்தார்கள். மூன்று பேருக்கும் சேர்த்து மூளை ஒன்று. அதுவும் இன்றைக்கு யாரிடம் இருக்கிறது என்று காலையில் எழுந்து தேட வேண்டும். மூத்தவன் உத்திராபதி, நடுவன் வைரக்கண்ணு, கடைசி தைலப்பன். இவர்களுக்கு ஒரு தங்கச்சி, அபரஞ்சி. அப்பா அம்மா போன பிறகு இந்த மூன்றுக்கும் சோறு போட்டு, சட்டையைத் திருப்பிப் போட்டிருந்தால் கழற்றி நேராக மாட்டிவிட்டு, வீட்டை நிமிர்த்தி வைத்திருந்தது அவள்தான்.

அபரஞ்சிக்கு இருபத்தாறு வயசு. அவளுக்கு இருந்தது ஒரே ஓர் ஆசை. கல்யாணம் பண்ணிக்கொண்டு, இந்த மூன்று பேர் இல்லாத ஒரு வீட்டுக்குப் போய்விட வேண்டும். மாப்பிள்ளை கறுப்பா சிவப்பா, நெட்டையா குட்டையா என்றெல்லாம் அவள் கேட்கவே இல்லை. சட்டையைத் தானாக நேராகப் போட்டுக்கொள்கிற ஆளாக இருந்தால் போதும்.

இதற்கு முன்னால் இரண்டு வரன் வந்து போயாச்சு. முதல் வரன் வந்தபோது தரகர் பஞ்சநதம், "வர்றவங்களை நம்ம வீட்டு ஆளுங்க மாதிரி நினைச்சுக்கங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார். நினைத்துக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் அப்பாவை மாட்டுக்குத் தண்ணி காட்ட அனுப்பினார்கள். அம்மாவுக்கு ஆட்டுக்கல்லைக் காட்டினார்கள். மாப்பிள்ளை கொஞ்சம் தாமதமாக வந்தார். "இவ்வளவு நேரம் எங்கடா ஊர் சுத்திட்டு வர்ற?" என்று உத்திராபதி அவர் முதுகில் ஒன்று வைத்தான்.

இரண்டாவது தடவை பஞ்சநதம் வேறு மாதிரி சொன்னார். "எதையும் மறைக்காதீங்க." மறைக்கவில்லை. ஜன்னல் துணியைக் கழற்றினார்கள், பீரோவைத் திறந்து வைத்தார்கள், கொல்லையில் குளிக்கக் கட்டியிருந்த கீற்றுத் தடுப்பைப் பிரித்துப் போட்டார்கள். அந்த நேரம் உள்ளே உத்திராபதி குளித்துக்கொண்டிருந்தான். பிரிக்கச் சொன்னதும் அவன்தான். பெண் பார்க்க வந்தவர்கள் அவனைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

மூன்றாவதாக ஒரு வரன் அமைந்தது. மாப்பிள்ளை மதிவாணன், டிராக்டர் மெக்கானிக். அவருடைய அப்பா பக்கிரிசாமி. பஞ்சநதம் இந்தத் தடவை வாயை அளந்துதான் திறந்தார்.

"பக்கிரிசாமிக்குக் காபின்னா உசிரு. காபி மட்டும் நல்லா இருந்தாப் போதும். வேற எதையும் நீங்க செய்யாதீங்க. கும்பிட்டுக் கேட்டுக்கறேன், செய்யாதீங்க."

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம். பெண் பார்க்க வருகிறவர்கள் சம்பந்தம் பிடித்தால்தான் கை நனைப்பார்கள். பிடிக்காவிட்டால் பச்சைத் தண்ணிகூடத் தொடாமல் எழுந்துவிடுவார்கள். காபி உதட்டில் பட்டால் கல்யாணம், படாவிட்டால் பஸ்.

"அப்படின்னா சாதாரணக் காபி கூடாது" என்றான் உத்திராபதி. மூன்று பேரும் தஞ்சாவூருக்குப் போய், ஒரு பெரிய கடையில் காபி மிஷின் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார்கள். கூடவே பன்னிரண்டு குப்பி. கட்டைவிரல் தண்டி குப்பிக்குள் காபித்தூளை அடைத்து மூடியிருந்தது. குப்பியை மிஷினில் போட்டால் கீழே காபி வரும்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்றாள் அபரஞ்சி. "அடுப்படியில பித்தளை ஃபில்டர் இருக்கு. ரெண்டு கரண்டி தூள், கொஞ்சம் வெந்நி. தெருவே குடிக்கும்."

"உனக்கு விஷயம் தெரியாது, தங்கச்சி. கடைக்காரப் பொண்ணு சொல்லுச்சு, பட்டனை அமுக்கினாப் போதும், வேற ஒண்ணுமே செய்ய வேண்டாம்னு."

மிஷினுக்குப் பொட்டு வைத்து, சூடம் காட்டி, உத்திராபதி பட்டனை அமுக்கினான். வேறு ஒன்றுமே செய்யவில்லை. தண்ணீர் ஊற்றவில்லை, குப்பி போடவில்லை, கீழே டம்ளர் வைக்கவில்லை. மிஷின் கர்ர்ரென்றது. மூன்று பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். மாடு கத்தியது, யாரும் எழுந்திருக்கவில்லை. மழை வந்தது, காயப்போட்ட நெல்லை யாரும் அள்ளவில்லை. வேறு ஒன்றுமே செய்ய வேண்டாம் என்றல்லவா சொல்லியிருந்தது!

அபரஞ்சிதான் நெல்லை அள்ளிப் போட்டுவிட்டு வந்து, பெட்டியில் இருந்த படத்தைப் பார்த்து, பின்னால் தண்ணீர் ஊற்றி, மேலே குப்பியைப் போட்டு, கீழே டம்ளரை வைத்தாள். ஒரு நிமிஷத்தில் காபி வந்தது. பச்சைப் பிள்ளைக்குப் பாலாடையில் மருந்து புகட்டுவோமே, அந்த அளவு. ஆளுக்கொரு குப்பியாக மூன்று போட்டாள். அண்ணன்மார் நாக்கை நீட்டி நக்கிக் குடித்தார்கள்.

பிறகு, இந்த மிஷின் வீட்டுக்கு லாயக்கா இல்லையா என்று விசாரணை நடந்தது.

"ஃபில்டர்ல டிக்காஷன் இறங்க அரை மணி நேரம்" என்றான் வைரக்கண்ணு. அவன் எட்டாவது வரைக்கும் படித்தவன். "இதுல ஒரு நிமிஷம். ஒரு காபிக்கு இருபத்தொன்பது நிமிஷம் மிச்சம்."

"மூணு காபி குடிச்சோமே?" என்றான் உத்திராபதி.

"எண்பத்தேழு நிமிஷம் மிச்சம்."

"அவ்வளவையும் எங்க வைக்கிறது?" என்று கேட்டான் தைலப்பன்.

வீட்டில் அதற்கு இடமில்லை. ஆகவே எண்பத்தேழு நிமிஷம் மூன்று பேரும் சும்மா உட்கார்ந்து அதைக் கழித்தார்கள். எழுந்ததும், "நல்ல மிஷின்தான், ஆனா உட்காந்து உட்காந்து இடுப்பு வலிக்குது" என்றான் உத்திராபதி.

வெள்ளிக்கிழமை காலை. அபரஞ்சி பட்டுச்சேலை கட்டி, தலை நிறைய பூ வைத்து, அண்ணன்மார் மேல் நம்பிக்கை இல்லாததால் ரகசியமாக டிக்காஷன் போட்டு வைத்துவிடலாம் என்று அடுப்படிக்குப் போனாள். ஃபில்டரைக் காணோம்.

"அதையா தேடுற?" என்றான் தைலப்பன். "மிஷின் வந்துடுச்சே, இனிமே அது எதுக்குன்னு, பித்தளைக்குப் பேரீச்சம்பழம் விக்கிறவன்கிட்ட போட்டுட்டேன்."

"பழம் எங்க?"

"தின்னுட்டேன். கொட்டை இருக்கு, வேணுமா?"

அபரஞ்சி பல்லைக் கடித்தாள். இனி அந்த மிஷினை விட்டால் வேறு கதியில்லை.

பத்தரை மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பக்கிரிசாமி, அவர் சம்சாரம் தனபாக்கியம், மாப்பிள்ளை மதிவாணன். அபரஞ்சி கதவிடுக்கு வழியாகப் பார்த்தாள். மதிவாணன் சட்டையை நேராகப் போட்டிருந்தான். பொத்தான்கூடச் சரியாக மாட்டியிருந்தது. அவளுக்குக் கண்ணில் தண்ணி வந்துவிட்டது.

"முதல்ல பொண்ணைப் பாப்போம், அப்புறம் பேசுவோம், கை நனைக்கிறதெல்லாம் அதுக்கப்புறம்" என்று சொல்லிக்கொண்டே பக்கிரிசாமி பாயில் உட்கார்ந்தார்.

அடுப்படியில் அபரஞ்சி பட்டனை அமுக்கப் போனபோது வைரக்கண்ணு, "நிறுத்து!" என்றான். மிஷின் வந்த பெட்டியைக் கையில் வைத்திருந்தான். படித்தவன் ஆனதால் அச்சடித்த எதையும் மீற மாட்டான்.

"இங்க பாரு, என்ன போட்டிருக்கு? 'வீட்டு உபயோகத்துக்கு மட்டும்.' நாம குடிக்கலாம். வெளியாளுக்குக் கொடுக்கக் கூடாது."

"அவங்க வெளியாளா?" என்றான் உத்திராபதி. "சம்பந்தி ஆகப் போறவங்கடா."

"ஆனதுக்கப்புறம் குடிக்கட்டும்."

"குடிச்சாத்தானே ஆவாங்க?"

"ஆகாம எப்படிக் குடிக்கிறது?"

"குடிக்காம எப்படி ஆகிறது?"

மூன்று பேரும் தரையில் குந்தி, தலையில் கை வைத்துக்கொண்டார்கள். கூடத்தில் பக்கிரிசாமி தொண்டையைக் கனைப்பது கேட்டது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் பதினொன்றே கால் பஸ்ஸுக்கு எழுந்துவிடுவார்.

"அண்ணே, உங்க காலைப் பிடிக்கிறேன். இந்த ஒரு தடவை விட்டுடுங்க."

உத்திராபதி வெகுநேரம் யோசித்தான். அன்றைக்கு மூளை அவனிடம்தான் இருந்தது போலிருக்கிறது. "காபி இந்த வீட்டை விட்டு வெளிய போகக் கூடாது, அவ்வளவுதானே? இங்கேயே குடிக்கட்டும். வெளிய போகாம நான் பாத்துக்கறேன். நீ பட்டனை அமுக்கு."

தன் அண்ணன் வாயிலிருந்து இப்படி ஒரு நியாயமான பேச்சு வந்து அபரஞ்சி கேட்டதில்லை. கேட்டவுடனே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அவசரத்தில் விட்டுவிட்டாள்.

பட்டனை அமுக்கினாள். வாசனை கூடத்துக்குப் போனது. பக்கிரிசாமி பேசிக்கொண்டிருந்த பேச்சு பாதியில் நின்றது. வழக்கமாவது ஒன்றாவது, டம்ளரைத் தட்டிலிருந்து அவரே எடுத்துக்கொண்டார். பால் ஒரு கரண்டி, சர்க்கரை ஒரு சிட்டிகை சேர்த்திருந்தாள். ஒரே மடக்கு.

"இதென்னம்மா, மாதிரியா? காபி எப்ப வரும்?"

"அதான் மாமா காபி."

"இதுவா? என் பல்லுக்கே பத்தலையே!"

அடுத்தது போட்டாள். சம்சாரத்துக்குக் காபி ஒத்துக்கொள்ளாது, அதையும் அவரே குடித்தார். மதிவாணன் வாயைத் திறக்கவே இல்லை, அவன் பங்கையும் அவரே குடித்தார். அபரஞ்சி அடுப்படிக்கும் கூடத்துக்கும் எட்டுத் தடவை நடந்தாள். எட்டாவது டம்ளரை வைத்துவிட்டு, பக்கிரிசாமி மீசையைத் துடைத்தார்.

"பொண்ணு நல்லா நடக்குது. சம்பந்தம் முடிஞ்சுது!"

அபரஞ்சிக்கு மூச்சு வந்தது. தனபாக்கியம் அவள் தலையில் பூ வைத்தார். வைக்க இடமில்லாமல் காதோரம் செருகினார். எல்லோரும் எழுந்தார்கள், செருப்பைத் தேடினார்கள். உத்திராபதி வாசலை மறித்து நின்று கைகூப்பினான்.

"சம்பந்தி, போயிட்டு வாங்க. காபியை மட்டும் வெச்சுட்டுப் போயிடுங்க."

"என்ன காபி?"

"குடிச்சீங்களே, எட்டு."

பக்கிரிசாமி ஒரு காலில் செருப்போடு நின்றார்.

"வீட்டு உபயோகத்துக்கு மட்டும்னு போட்டிருக்கு" என்று பெட்டியை நீட்டினான் வைரக்கண்ணு. "வெளிய கொண்டுபோகக் கூடாது. அவசரமில்ல. கொல்லையில கக்கூஸ் இருக்கு. அது வீட்டோட சேர்த்திதான், வீட்டு வரி ரசீதுல இருக்கு. நிதானமா விட்டுட்டுப் போங்க."

பக்கிரிசாமியின் முகம் சிவந்தது. "குடிச்ச காபியைத் திருப்பிக் கேக்கிற வீட்டை நான் எங்கேயும் பாத்ததில்ல!"

அபரஞ்சிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனால் இந்த மூன்று பேரோடு இருபத்தாறு வருஷம் குப்பை கொட்டியவள், வாய் ஓடியது. "அண்ணே! சம்பந்தம்தான் முடிஞ்சு போச்சே. இவங்க இப்ப நம்ம வீட்டு ஆளுங்க. வீட்டு ஆளுங்க குடிக்கலாம்ல?"

உத்திராபதி முகம் மலர்ந்தது. "அட, ஆமாம்ல!" வாசலை விட்டு விலகினான். அபரஞ்சி மனசுக்குள் தாலியே ஏறிவிட்டது.

"இரு அண்ணே" என்றான் வைரக்கண்ணு. "முடிஞ்சுதுன்னு அவர் சொன்னது எட்டாவது டம்ளருக்கு அப்புறம். குடிக்கும்போது வெளியாளுதானே?"

அபரஞ்சி கண்ணை மூடிக்கொண்டாள். போச்சு. பதினொன்றே கால் பஸ்.

ஆனால் செருப்புச் சத்தம் கேட்கவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தாள். பக்கிரிசாமி மோவாயைத் தடவிக்கொண்டு நின்றிருந்தார்.

"தம்பி சொல்றது நியாயம்தான்" என்றார். "குடிக்கும்போது நான் வெளியாளுதான். அடுத்தவங்க பொருளை வயித்துல வெச்சுக்கிட்டு நான் படி தாண்டினதா பேர் வரக்கூடாது. கொல்லை எந்தப் பக்கம்?"

சொம்பை எடுத்துக்கொண்டு போனார். எல்லோரும் பின்னாலேயே போய்க் கக்கூஸ் வாசலில் மரியாதையாக நின்றார்கள். தனபாக்கியம், "அவர் எப்பவும் நேர்மைதான்" என்று அபரஞ்சியிடம் பெருமையாகச் சொன்னார். பதினொன்றே கால் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

வெகுநேரம் கழித்து உள்ளேயிருந்து குரல் வந்தது. "சம்பந்தி! ஆறு காபி வந்திருக்கும்னு நினைக்கிறேன். மீதி ரெண்டு வர மாட்டேங்குது. இன்னொரு காபி குடிச்சா அது வந்து இதைத் தள்ளும்."

"ஒரு குப்பி மிச்சம் இருக்கு" என்றான் உத்திராபதி. "அபரஞ்சி, போடு."

"அது சரி" என்றான் வைரக்கண்ணு. "இப்ப குடிக்கப் போறது வீட்டு ஆளா குடிக்கிறது, அது அவருக்கே சொந்தம். பழசு ரெண்டுதான் நமக்கு. வெளிய வரும்போது எது பழசு, எது புதுசுன்னு எப்படித் தெரியும்?"

"அதான் எனக்கும் யோசனையா இருக்கு" என்றது உள்ளே இருந்த குரல்.

கடைசியில் தைலப்பன் வாயைத் திறந்தான். "புதுசுல சர்க்கரையைத் தூக்கலாப் போட்டுடுவோம். எறும்பு மொய்ச்சா புதுசு. மொய்க்காட்டி பழசு."

"அடேயப்பா!" என்றார் பக்கிரிசாமி. "இப்படிப்பட்ட குடும்பத்தை விட்டா எங்க போய்த் தேடுறது? ஆனா தம்பி, இங்க எறும்பு ஒண்ணையும் காணோமே."

அதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசாமல் நின்றிருந்த மாப்பிள்ளை மதிவாணன், தன் நேரான சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்தான்.

"நான் போய்ப் பிடிச்சுட்டு வரேன்ப்பா. எத்தனை வேணும்?"

அபரஞ்சி அவனைப் பார்த்தாள். மூன்று அண்ணன்களையும் பார்த்தாள். கக்கூஸ் கதவைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய், சர்க்கரை டப்பாவை எடுத்துக்கொண்டு வந்து, மூடியைத் திறந்து மாப்பிள்ளையிடம் நீட்டினாள். கட்டிக்கப் போகிறவனிடம் அவள் பேசின முதல் பேச்சு இதுதான்:

"வெயில்ல எங்கேயும் போகாதீங்க. இதுலேயே நாலு ஓடுது. போதுமா?"