சேவலுக்கு எட்டு மணி மாத்திரை

புளியடிப்பட்டியில் மாசிலாமணி வீட்டில் வெந்நீர் வைப்பதென்றாலும் அண்ணன் தம்பி மூவரும் கூடிப் பேசித்தான் அடுப்பைப் பற்றவைப்பார்கள். அதற்குள் குளிக்க வேண்டியவர் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டுப் போயிருப்பார். இந்த மூவரிடம் மகள் பவளத்தை ஒப்படைத்துவிட்டு, தங்கை பிரசவத்துக்குப் போயிருந்தாள் மாசிலாமணியின் மனைவி. அந்த அம்மாளின் தைரியத்தை மெச்சத்தான் வேண்டும்.

பவளம் ஓரிடத்தில் உட்காராத பிள்ளை. அதற்காக டாக்டரம்மா கொடுத்த மாத்திரையைக் காலை எட்டு மணிக்குப் போடுவார்கள். பிள்ளை உட்கார்ந்தாள், உட்கார்ந்தபடியே வகுப்பில் தூங்கவும் செய்தாள். பள்ளி நாடகத்தில் ஊரை எழுப்பும் சேவல் வேஷம் அவளுக்கு. ஒத்திகையில் சேவல் குறட்டை விட, ஊர் எழுந்து வந்து சேவலை எழுப்பியது. "இன்னொரு தடவை தூங்கினா வேஷத்தை வேற பிள்ளைக்குக் குடுத்துடுவேன்" என்று சொல்லிவிட்டார் டீச்சர். பவளம் அட்டைக் கொண்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். மாசிலாமணிக்கு மனசு பொறுக்கவில்லை. டாக்டரம்மாவிடம் ஓடினான்.

"அப்படின்னா ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் குடுங்க" என்றார் அவர்.

வீட்டில் கூட்டம் கூடியது.

"மாத்திரை நேரத்தை நீங்களா மாத்தக் கூடாதுன்னு முதல்லயே சொன்னாங்களேடா?" என்றார் மூத்தவர் அருளாண்டி.

"ஆமாண்ணே. இப்ப ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம்ங்கிறாங்க."

"ரெண்டும் அந்தம்மா சொன்னதுதான். எதையும் மீறக் கூடாது."

கடைசித் தம்பி குமரப்பன் நெற்றியைத் தேய்த்தான். "மாத்திரை நேரத்தைத்தானே மாத்தக் கூடாது? சாப்பாட்டு நேரத்தை மாத்தலாமே!"

மாசிலாமணி தம்பியைக் கட்டிக்கொண்டான்.

மறுநாள் காலையில் ஜன்னல்களைச் சாத்தி, விளக்கைப் போட்டு, கொசுவத்திகூட ஏற்றி, பவளத்துக்கு ராத்திரிச் சப்பாத்தியைப் பரிமாறினார்கள். சரியாக எட்டு மணிக்கு மாத்திரை. தமிழ்ப் பாடம் முடிவதற்குள் பவளம் சாய்ந்துவிட்டாள். டீச்சர் மனமிரங்கி, இதுதான் கடைசித் தடவை என்றார்.

மாசிலாமணி போன் போட்டான். "சாப்பாட்டை விடுங்க. பிள்ளை தூங்கப் போறதுக்கு முன்னாடி குடுங்க, போதும்" என்றார் டாக்டரம்மா, பல்லைக் கடித்தபடி.

"எங்கே தூங்குறா? வகுப்புலதானே?" என்றார் அருளாண்டி.

மறுநாள் மாசிலாமணி மாத்திரையும் தண்ணீர்ச் செம்புமாக வகுப்பு ஜன்னலுக்கு வெளியே நின்றான். பிள்ளை கொட்டாவி விட்டதும் உள்ளே குதிப்பதாக ஏற்பாடு. காலையில் மாத்திரை போடாத பிள்ளைக்குக் கொட்டாவி எங்கிருந்து வரும்? பள்ளி விட்டது. அவள் வீட்டுக்கு வந்தாள், விளையாடினாள், சாப்பிட்டாள். செம்போடு பின்னாலேயே அலைந்தான். பாயில் படுக்கப் போகும்போதுதான் ஒரு கொட்டாவி வந்தது. பாய்ந்து போய்க் கொடுத்தான். தப்பித் தவறி அந்த வீட்டில் ஒரு காரியம் சரியாக நடந்துவிட்டது.

அப்புறம் தினமும் அப்படியே. வகுப்பில் பவளம் தெளிவாக உட்கார்ந்திருந்தாள். டாக்டரம்மாவுக்குச் சந்தோஷம். "ராத்திரி எப்படித் தூங்குறான்னு மட்டும் பார்த்துக்கோங்க" என்றார். மூவரும் பாயைச் சுற்றி உட்கார்ந்து, தினமும் விடியும் வரை பார்த்தார்கள்.

நாடக நாள் வந்தது. பவளம் மார்பை நிமிர்த்திக் கூவிய கூவலில் மேடையில் இருந்த ஊர் எழுந்தது. பக்கத்துக் கொட்டிலில் மாடுகள் எழுந்தன. முன்வரிசையில் மூன்று பேர் மட்டும் எழவில்லை. நாடகம் முடிந்து, சேவலே இறங்கி வந்து காதில் கூவி எழுப்பியது. மகளை மேடையில் பார்க்க முடியவில்லையே என்று மாசிலாமணிக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் மூவரும் டாக்டரம்மா முன்னால் போய் நின்றார்கள்.

"நல்ல மாத்திரைதாங்க. பிள்ளையோட பகல் தூக்கம் போயிடுச்சு. ஆனா அது எங்க மூணு பேருக்கும் வந்துடுச்சே!" என்றான் மாசிலாமணி.

"ராத்திரியில நீங்களும் படுத்துத் தூங்குங்கய்யா!"

"அப்ப பிள்ளை தூங்குறதை யாரு பார்க்குறது?"

மூவரும் அங்கேயே கூடிப் பேசினார்கள். அருளாண்டி முடிவைச் சொன்னார். "பவளத்தை எழுப்பி உட்கார வெச்சிடுறோம்மா. தான் எப்படித் தூங்குறோம்னு அவளே பார்த்துக்கட்டும்."

டாக்டரம்மா மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

ஏதோ சொல்ல வந்த தம்பியின் வாயை மாசிலாமணி பொத்தினான். "சத்தம் போடாதீங்க. பாவம், இவங்களும் மாத்திரையைக் காலையிலயே போட்டுடுறாங்க போல."