புனுகுப் பூனை பானைமேல் உட்கார்ந்த கதை

மிருகங்கள் மனுசரோடு வாய் திறந்து பேசிய அந்தக் காலத்தில், புனுகுப் பூனையிடம் புனுகு கிடையாது. வெறும் பூனைதான். அதிலும் புள்ளியான் என்று ஒருவன், நாற்றம் பிடித்தவன். செத்த மீன், அழுகின பழம் எல்லாம் தின்பான். குளிக்கவே மாட்டான்.

அவனுக்குக் கல்யாண ஆசை வந்தது. ஓடைக்கு அக்கரையில் இருந்த கருமணி என்ற பெண்பூனையைப் பெண் கேட்டுப் போனான். கருமணியின் அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"மாப்பிள்ளை இன்னும் வந்து சேரலை. நாத்தம் முன்னாடியே வந்து உக்காந்திடுச்சு" என்றாள்.

கருமணிக்கு அவன் உடம்புப் புள்ளிகளைப் பிடித்திருந்தது. ஆனால் அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

"நாளைச் சாயங்காலத்துக்குள்ள நல்ல வாசத்தோட வந்தா பொண்ணு தர்றேன். இல்லேன்னா மலைக்கு மேல இருந்து வந்த வரனை முடிச்சிருவேன்."

காட்டோரத்தில் இருளாயி என்று ஒருத்தி வெட்டிவேர் எண்ணெய் எடுத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் புள்ளியான் அவளிடம் ஓடினான்.

"அக்கா, என் கல்யாணமே உங்க கையிலதான் இருக்கு!"

"முதல்ல ஓடையில முங்கிட்டு வா. அப்புறம் பேசு."

முங்கிவிட்டு வந்து பார்த்தான். பெரிய பானையில் வேரும் தண்ணீரும் கொதித்தன. மேலே சட்டியைக் கவிழ்த்து, ஆவி போகாமல் சுற்றிக் களிமண் பூசியிருந்தாள். சட்டியிலிருந்து ஒரு மூங்கில் குழாய், ஓடைத் தண்ணீரில் வைத்திருந்த கலயத்துக்குள் போனது. வேரின் வாசம் ஆவியோடு ஏறி, குழாய் வழியாகப் போய், குளிர்ந்து சொட்டுச் சொட்டாக விழுந்தது. கலயத்துத் தண்ணீர் மேல் மிதந்த எண்ணெயை இருளாயி கொக்கு இறகால் வழித்து ஒரு சிப்பியில் விட்டாள்.

"மூணு நாளா எரிக்கிறேன், சிப்பி கூட நிறையலை. உனக்குக் காதுக்குப் பின்னாடி ஒரு துளி வைப்பேன்."

"ஒரு துளியா! கல்யாணம் எனக்கா, என் காதுக்கா?"

"துளிதான்டா மணக்கும். கூடிப்போனா தலைதான் வலிக்கும். இப்பவே வச்சா சாயங்காலத்துக்குள்ள பறந்திரும். கிளம்பும்போது வச்சு விடறேன், சும்மா உக்காரு."

உள்ளே தொட்டிலில் பிள்ளை அழுதது. "எதையும் தொடாதே" என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

புள்ளியான் குழாயைப் பார்த்தான். சொட்டு. அப்புறம் இன்னொரு சொட்டு. இது எப்போது முடிவது? வாசம் முழுக்கப் பானைக்குள்தானே இருக்கிறது! நகத்தால் களிமண்ணைப் பேர்த்தான். சட்டியைத் தள்ளினான். முகத்தை நீட்டினால் கண் எரியும் என்று புத்திசாலித்தனமாக யோசித்து, திரும்பிப் பானை வாயில் உட்கார்ந்தான்.

"அய்யோ! அக்கா! வெந்து போச்சே!"

இருளாயி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடி வந்தாள். பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டுக் கைகொட்டிச் சிரித்தது.

"பாவி! என் மூணு நாள் பாட்டையும் உன் வாலுக்கடியிலயா வாங்கிக்கிட்டே?"

ஓடையில் விழுந்து எழுந்தான். எரிச்சல்தான் கொஞ்சம் தணிந்தது. வாசம் வாலுக்கடியில் பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டது, கழுவியும் போகவே இல்லை. அதுவும் நல்லதுதான் என்று அக்கரைக்குக் கிளம்பினான். வழியெல்லாம் அரிப்பு. ஒவ்வொரு மரத்திலும் பின்பக்கத்தைத் தேய்த்துத் தேய்த்துப் போனான்.

அவன் வாசல் ஏறியதும் கருமணியின் அம்மாவுக்குத் தலை சுற்றியது. கருமணிக்குத் தும்மல் நிற்கவில்லை.

"நேத்து நாத்தமே தேவலைடா சாமி! போயிரு!"

புள்ளியான் வந்த வழியே திரும்பி ஓடி, இருளாயி வீட்டோரம் தண்ணீரில் வாலை ஊறப்போட்டு அழுதான்.

பொழுது சாயும் நேரத்தில் கருமணி, அவன் தேய்த்துவிட்டுப் போன ஒரு மருத மரத்தடிக்கு வந்தாள். இலேசாக ஒரு மணம். காற்றில் கலந்து இளைத்து, துளியளவு ஆகியிருந்தது. அடுத்த மரத்திலும் அதே மணம். மோந்து மோந்து ஓடை வரைக்கும் வந்துவிட்டாள்.

புள்ளியான் துள்ளி எழுந்தான்.

"கிட்ட வராதீங்க! அங்கேயே நில்லுங்க" என்றாள் கருமணி. பிறகு வெட்கப்பட்டுச் சொன்னாள்: "அங்க இருந்தா நல்லாத்தான் இருக்கு. அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்."

இருளாயிக்கு மட்டும் கோபம் ஆறவில்லை. போன வாசத்தில் கொஞ்சமாவது மீளட்டும் என்று, அவன் தேய்த்த மரத்தில் ஒட்டியிருந்த பிசினைச் சுரண்டி, கடுகளவு எடுத்துச் சிப்பி எண்ணெயில் கலந்து, காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். அரை நாளில் பறந்துவிடும் வாசம், மறுநாள் பிள்ளையைக் குளிப்பாட்டி முடித்த பிறகும் அப்படியே நின்றது.

"கழுதை, உபகாரம்தான் பண்ணியிருக்கு" என்று அவனுக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்தாள். எட்டி நின்றுதான்.

அன்று பட்ட சூட்டில்தான் புனுகுப் பூனை இன்றைக்கும் மரத்தில் பின்பக்கத்தைத் தேய்க்கிறது, அதை மோந்து அதன் ஜோடி தேடி வருகிறது. நாமும் புனுகைக் கடுகளவு கலந்து, துளியை மட்டும் காதோரம் வைத்துக்கொள்கிறோம்.