மாசிலாமணி பிடித்த கயிறு

"சாமி, எம் பொண்ணுக்கு நீச்சலே வர மாட்டேங்குது" என்றான் மாசிலாமணி.

மடத்து வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த குரு நிமிரவில்லை.

மாசிலாமணி கொள்ளிடத்தில் ஓடம் விடுகிறவன். அவன் ஊர் ஆற்றின் நடுவே ஒரு திட்டில் இருக்கிறது. பள்ளிக்கூடம் அக்கரையில். பிள்ளைகள் ஓடத்தில்தான் போய்வர வேண்டும். போன ஆடி வெள்ளத்தில் ஓர் ஓடம் கவிழ்ந்தது. நீந்தத் தெரிந்த பிள்ளைகள் கரையேறின. அவனுடைய மூத்த மகள் தையல்நாயகி ஏறவில்லை.

ஊரையே அக்கரை சேர்த்தவன், பெற்ற பெண்ணுக்கு நீச்சல் பழக்குவதை மட்டும் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டுவிட்டான். அதை நினைத்தால் இன்றைக்கும் அவனுக்குச் சோறு இறங்குவதில்லை.

இளையவள் முத்தரசிக்கு இப்போது ஏழு வயது. ஆடி பிறக்க இன்னும் ஒன்பதே நாள்.

"எத்தனை நாளாப் பழக்குறே?" என்றார் குரு.

"பத்து நாளா சாமி. நம்ம மடத்துக் கிணத்துலதான். இடுப்புல கயித்தக் கட்டி எறக்கி, மேல நின்னு புடிச்சுக்கிறேன். ரெண்டு கை வீசுவா, முங்கிடுவா. ஆத்துல தண்ணி வந்துடுமே சாமி. ராப்பகலா நெஞ்சு அடிச்சுக்குது."

"நம்பிக்கை இருக்கா?"

"அதுல ஒரு கொறையும் இல்ல. அய்யனாருக்கு மண்குதிரை வேண்டிக்கிட்டிருக்கேன்."

"சின்னக் குதிரையா, பெரிய குதிரையா?"

"பெரிசு சாமி. ஆள் உசரம்."

குரு கீரையை ஒதுக்கிவிட்டு எழுந்தார்.

"கயித்த எடுத்துக்கிட்டு வா."

கிணற்றடியில் முத்தரசி ஈரப் பாவாடையோடு நின்றிருந்தாள். குரு கயிற்றை வாங்கி, அவள் இடுப்பில் கட்டவில்லை. மாசிலாமணியின் இடுப்பில் கட்டினார்.

"குதி. எதிர்ச் சுவரைத் தொட்டுட்டு வா."

மாசிலாமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெள்ளத்தில் கொள்ளிடத்தைக் குறுக்கே நீந்துகிறவனுக்கு இந்தக் கிணறு எந்த மூலைக்கு? குருவாயிற்றே என்று சிரிப்பை அடக்கிக்கொண்டு குதித்தான்.

முதல் வீச்சு வீசினான். மேலிருந்து கயிறு வெடுக்கென்று இழுத்தது. படுத்திருந்த உடம்பு நிமிர்ந்து, கால்கள் கீழே போயின.

மறுபடி உடம்பை நீட்டினான். மறுபடி ஓர் இழுப்பு. மூக்கில் தண்ணீர் ஏறியது.

"சாமி! விடுங்க சாமி!"

குரு இன்னும் பலமாக இழுத்தார்.

பாதிக் கிணறுகூடத் தாண்டவில்லை. வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு, தட்டுத் தடுமாறிப் படியைப் பிடித்து, இருமிக்கொண்டே மேலே வந்தான்.

"அப்பா, உனக்கும் முங்குதா?" என்றாள் முத்தரசி. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அவனுக்குக் கோபம். குருவிடம் காட்ட முடியாத கோபம்.

"ஏன் சாமி அப்படி இழுத்தீங்க?"

"நீ முங்குற மாதிரி இருந்துச்சு."

"எனக்கா சாமி நீச்சல் தெரியாது?"

"உனக்குத் தெரியும். எனக்குத்தான் பயமா இருந்துச்சு."

மாசிலாமணி இடுப்பிலிருந்த கட்டை அவிழ்த்தான்.

குரு கயிற்றை அவன் கையில் கொடுத்துவிட்டுக் கீரை ஆயப் போய்விட்டார்.

மாசிலாமணி மகளின் இடுப்பில் கயிற்றைக் கட்டினான். அவள் படியிறங்கித் தண்ணீரில் பாய்ந்தாள்.

ஒரு வீச்சு. இரண்டு வீச்சு.

தலை தாழ்ந்தது.

அவன் கை தானாகவே இழுக்கப் போனது. பல்லைக் கடித்துக்கொண்டு நிறுத்தினான். தலை மேலே வந்தது. மறுபடி தாழ்ந்தது. மறுபடியும் கை போனது.

தன் கையையே அவனால் நம்ப முடியவில்லை. கயிற்றைக் கிணற்றுக்குள் போட்டுவிட்டான்.

அது தண்ணீரில் விழுந்த சத்தம் அவளுக்குக் கேட்டது.

"அப்பா! கயித்தப் புடிச்சிருக்கியா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"இல்ல தங்கம். விட்டுட்டேன்."

அவன் குரல் அழுகிற குரலாக இருந்தது.

கிணற்றுக்குள் கொஞ்ச நேரம் தண்ணீர் அடிபடும் சத்தம் மட்டும் கேட்டது. அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விளிம்பில் நின்றான். தலை எங்கே, தலை எங்கே என்று கண் தேடியது.

நடுக்கிணற்றில் ஒரு தும்மல்.

"அழாதப்பா" என்றாள் முத்தரசி, மூச்சு வாங்க. "நான் வந்துருவேன்."