தாண்டச் சொன்ன கௌதாரி டீச்சர்

காட்டு ஏரிக்கரையில் ஒரு கௌதாரி பள்ளிக்கூடம் நடத்தியது. காலையில் கால்தடம் படிக்கச் சொல்லிக் கொடுக்கும். மாலையில் ஓடப் பழக்கும். முயல், அணில், கீரி எல்லாம் அதை டீச்சர் என்றே கூப்பிடும். டீச்சருக்கு மூக்கின்மேல் கோபம். ஆனாலும் அதன்மேல் எல்லோருக்கும் உயிர்.

தை பிறந்ததும் அங்கே டீச்சரின் கூட்டத்துக்கும் நரிக் கூட்டத்துக்கும் ஓட்டப் பந்தயம். ஜெயித்த கூட்டத்துக்குத்தான் கோடை முழுவதும் ஏரித் தண்ணீர். தோற்றவர்கள் மலைக்கு அப்பால் பாறைக்குழி தேடி அலைய வேண்டும். ஓட்டம் விடியலில், ஏரியே தெரியாத மூடுபனியில் நடக்கும். அதனால் பழக்கியவர் முன்னால் ஓடிக் குரல் கொடுப்பது வழக்கம்.

பந்தயத்துக்கு முந்தின மாலை நரி பேரம் பேச வந்தது.

"டீச்சரம்மா, போட்டியெல்லாம் எதற்கு? கால்வாசிக் கரையைத் தருகிறேன். வாங்கிக்கொண்டு பேசாமல் இரு!"

"முழு ஏரியையும் ஜெயிக்கப் போகிறவளிடம் கால்வாசியா? போடா!"

"யார் ஜெயிப்பது? உன் செவந்தி முயலா? அவள் உன்னை ஒரு தடவையாவது முந்தியிருக்கிறாளா? என் மருமகன் என்னையே இடித்துத் தள்ளிவிட்டு ஓடுகிறான்!"

டீச்சருக்குச் சுருக்கென்றது. உண்மைதான். தன் கால்கள் ஓய்ந்து வருவது அதற்குத் தெரியும். அப்படியும் முயல் பின்னாலேயேதான் வந்துகொண்டிருந்தது. நரி போனதும் முயலைக் கூப்பிட்டது.

"செவந்தி! நீ ஏன் என்னை முந்துவதில்லை?"

முயல் காதை மடக்கிக்கொண்டது. "உங்களுக்கு முன்னால் போனால் மரியாதையா இருக்குமா, டீச்சர்?"

"உன் மரியாதையைக் கொண்டுபோய்க் குப்பையில் போடு! நாளைக்கு முந்துகிறாய்!"

"சரிங்க டீச்சர்."

விடிந்தது. நாணல்களுக்கு நடுவே பனி பால்போல் தேங்கி நின்றது. மரங்கள் வேரில்லாமல் மிதந்தன. காலடிச் சத்தம்கூடக் கனவில் கேட்பதுபோல் மெத்தென்று கேட்டது. நரியின் மருமகன் ஒரே பாய்ச்சலில் பனிக்குள் மறைந்தான்.

"இப்படி வா! இப்படி வா!" என்று கத்திக்கொண்டே டீச்சர் ஓடியது. மூச்சு வாங்கியது. வேகம் குறைந்தது. பின்னால் செவந்தியின் வேகமும் குறைந்தது!

டீச்சர் சட்டென்று பாதையின் குறுக்கே படுத்துவிட்டது.

"ஐயோ! என்ன ஆச்சு டீச்சர்?"

"ஒன்றும் ஆகவில்லை. என்னைத் தாண்டிக் குதி!"

"படுத்திருக்கிறவர்களைத் தாண்டினால் பாவம் டீச்சர்! ஓரமாகச் சுற்றிப் போகிறேனே..."

"சுற்றிப் போனால் திரும்பிப் பார்ப்பாய். எனக்காக நின்றுவிடுவாய். எனக்குத் தெரியாதா உன்னை? கூட்டமே தண்ணீருக்கு அலையப் போகிறது, என்னைக் கும்பிட்டுக்கொண்டா நிற்பாய்? தாண்டு!"

முயல் கண்ணை இறுக மூடியது. குதித்தது.

கண் திறந்தபோது முன்னால் யாரும் இல்லை. வெறும் வெள்ளை. முதுகுப் பக்கமிருந்து குரல் வந்தது. "நேராகப் போ! விடாதே!"

செவந்தி அதுவரை ஓடாத ஓட்டம் ஓடியது. பாதம் மண்ணில் படுகிறதா என்றே அதற்குத் தெரியவில்லை.

டீச்சர் படுத்தபடியே காது கொடுத்துக் கேட்டது. காலடிச் சத்தம் தேய்ந்து தேய்ந்து பனியோடு கரைந்தது. தன் பிள்ளை எங்கே ஓடிக்கொண்டிருக்கிறது என்று முதல்முறையாக அதற்குத் தெரியவில்லை. அது எவ்வளவு சுகமாக இருந்தது!

வெகுதூரத்தில் தவளைகள் ஒரே குரலில் கத்தின. "முயல்! முயல்தான் முதல்!"

ஆசிரியரைத் தாண்டி ஓடிக் காட்டுவதே மாணவர் அவருக்குச் செய்யும் பெரிய மரியாதை.