கத்தரி கண்ட பிழை

ஒரு பரிசோதனைக்கூடத்தில், கம்பித் தாங்கியில் ஒரு குழாய் ரத்தம் நின்றுகொண்டிருந்தது. அது பொன்சிங் என்பவனுடைய ரத்தம். பிறவியிலேயே உறையத் தெரியாத ரத்தம். லேசாக இடித்துக்கொண்டாலே அவன் முழங்கால் பூசணிக்காயாய் வீங்கிவிடும்.

அது அங்கே வந்தது அவனுக்காக அல்ல. அவன் அக்கா எப்சிபா ஐந்து மாதக் கர்ப்பிணி. தம்பியின் மரபணுவில் பிழை எங்கே என்று தெரிந்தால்தான், அதே பிழை அவளிடம் உண்டா என்று தேட முடியும். நோய் இல்லாமலே அவள் அதைச் சுமக்கலாம், பிள்ளைக்கும் கொடுக்கலாம்; இருந்தால், பிரசவத்தில் பிள்ளையின் தலைக்குள் ரத்தம் கசியாமல் காக்க வேண்டும். குழாய்க்குள் இருந்த ரத்தத்துக்கு அந்த ஒரு கவலைதான்.

நோய் கடுமையாக இருந்தால், மரபணு இழையைக் குறித்த இடங்களில் வெட்டும் கத்தரி நொதியை முதலில் கூப்பிடுவதுதான் அங்கே வழக்கம். புது வாசிப்பு இயந்திரம் வந்த ஜோரில் எல்லோரும் அதை மறந்துவிட்டார்கள்.

இயந்திரம் மரபணுவை எழுத்தெழுத்தாகப் படித்து முடித்தது. "பிழை இல்லை," என்றது.

"அப்போ அந்த முழங்கால் சும்மாவா வீங்குது?" என்றது ரத்தம்.

"ஆயிரக்கணக்கான எழுத்து படித்தேன். ஒன்றுகூடத் தப்பில்லை. எனக்கே பாடம் நடத்தாதே."



அறிக்கையில் கையெழுத்துப் போட வந்த கூடத்து மருத்துவர் ஜுலைகாவுக்கும் மனசு ஒப்பவில்லை. "நோயப் பாத்தா கடுமையா இருக்கு, அறிக்கைத் தாளைப் பாத்தா ஒண்ணுமில்லங்குது. கத்தரிய யாருமே கேக்கலயா?" என்று கத்தரி இருந்த உறைபெட்டியைத் திறந்தாள்.

"எனக்குப் படிக்க வராதும்மா," என்றது கத்தரி. "வெட்டுவேன். துண்டு எவ்வளவு நீளம்னு காட்டுவேன். அவ்வளவுதான்."

வெட்டியது. துண்டு இருக்க வேண்டிய நீளத்தில் இல்லை.

"அண்ணே," என்றது அது, இயந்திரத்தைப் பார்த்து. "நீங்க பக்கம் பக்கமாப் பிரிச்சுப் படிச்சீங்க. பக்கமெல்லாம் சரிதான். பாதிப் புத்தகத்தைத் தலைகீழா வச்சுல்ல தச்சிருக்கு! அதான் நான் வெட்டுற இடம் மாறி, துண்டோட நீளமும் மாறிட்டு."



மறுவாரம் எப்சிபாவின் ரத்தத்திலும் அதே நீளத் துண்டு இருந்தது. சேதி கேட்டு அவள் அழுதாள். பாவம், அழாமல் என்ன செய்வாள்? பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பிள்ளை வாரதுக்கு முந்தியே தெரிஞ்சிட்டுல்லா. இனி டாக்டர் சூதானமா பாத்துக்கிடுவாக," என்றாள்.

அன்று இயந்திரம் மெல்லக் குழாயிடம் சொன்னது: "என் கண்ணில் படாததை இல்லை என்று சொல்லிவிட்டேன்."

"என்கிட்ட சொல்லி என்ன?" என்றது ரத்தம். "இனி இப்படி வர்ற அடுத்தவளுக்குப் போற அறிக்கைத் தாள்ல அதை எழுது."